பூனைக்குப் போட்ட மக்காச்சோளம்

போன மாசம் பெங்களூருல இருக்குற மக வீட்டுக்குப் போயிருந்தேன். மூணாவது மாடி. ஒரு பிடி மண்ணு கிடையாது. அங்க ஒரு பூனை வளர்க்குறா. பாத்ரூம் மூலையில ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதுல மஞ்சளா குருணை மாதிரி ஏதோ கொட்டியிருந்துச்சு. ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன். மக்காச்சோள வாசம்.

"என்னம்மா, கோழித் தீவனத்தைப் பூனைக்கு வாங்கி வச்சிருக்கே?"

"ஐயோ அப்பா, அது பூனை வெளிக்குப் போறதுக்கு. கீழ போட்டுட்டுக் கையைக் கழுவுங்க."

பையைக் காட்டுனா. 5 கிலோ 650 ரூபாய். கிலோ 130. மக்காச்சோளத்துக்கு 2024-25ல அரசாங்கம் அறிவிச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2225 ரூபாய், கிலோவுக்கு 22 ரூபாய் சொச்சம். அந்த விலையும் நம்ம களத்து மேட்டுக்கு எல்லா வருசமும் வந்து சேர்ந்ததில்லை. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலைங்க.

முதல்ல வந்தது கோவம்தான். களி கிண்டுன சட்டியில ஒட்டியிருக்குறதைக்கூட தண்ணி ஊத்தி வழிச்சுக் குடிச்ச வீடு எங்க வீடு. எங்க பூனை அடுப்புச் சாம்பல் கொட்டுற குழியில தோண்டும், இருந்துட்டு மூடிட்டுப் போயிடும். அமெரிக்காக்காரனும் சாம்பலும் மணலும்தான் போட்டுக்கிட்டு இருந்திருக்கான். 1947ல எட் லோன்னு ஒருத்தர் உறிஞ்சுற களிமண்ணைப் பையில போட்டு விக்க ஆரம்பிச்சார். 1984 வாக்குல இன்னொருத்தர் பென்டோனைட் மண்ணு ஈரம் பட்டா கட்டியாகும்னு கண்டுபிடிச்சார். கட்டியை மட்டும் கரண்டியில அள்ளிட்டா மீதி அப்படியே கிடக்கும்.

பென்டோனைட்டுன்னதும் நம்ம ஆளுங்களுக்கு உரக்கடை கந்தகம் ஞாபகம் வரும். அதேதான். குஜராத் கட்ச் பக்கமும் ராஜஸ்தான் பார்மர் பக்கமும் வெட்டி எடுக்குறாங்க. வெட்டுன மண்ணு பூனை மூத்திரத்தோட உங்க ஊர் குப்பை மேட்டுக்குப் போகுது. மக்காது. அதனாலதான் மக்காச்சோளம், கோதுமை, மரவள்ளின்னு மாறுறாங்க. தானியத்துல இருக்குற மாவுச்சத்து ஈரத்துல பிசுபிசுன்னு ஒட்டி உருண்டையாகும். சுவரொட்டி ஒட்டுற மைதாப் பசை எப்படி ஒட்டுதோ அந்த மாதிரி.

ஊருக்கு வந்ததும் பண்ணித்தான் பார்ப்போமேன்னு ரெண்டு படி மக்காச்சோளத்தை மில்லுல ரவையா உடைச்சு, கொஞ்சம் கிழங்கு மாவு கலந்து, தட்டுல கொட்டித் தண்ணி தெளிச்சேன். நல்லாவே கட்டுச்சு. எனக்கே சந்தோசம். திண்ணையில வச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றதுக்குள்ள அஞ்சு கோழியும் சேர்ந்து தட்டைக் காலி பண்ணிடுச்சுங்க. (தீர்த்தமலைக் கோயில் குரங்குங்க கண்ணுல பட்டிருந்தா தட்டையும் சேர்த்துத் தூக்கியிருக்கும்.) மிச்சத்தைச் சாக்குல கட்டி வச்சேன். ஒரு மாசத்துல வண்டு. அடிச்சாக்கு ஈரத்துல பச்சையா பூசணம் வேற. மக்காச்சோளப் பூசணத்துல அஃப்ளாடாக்சின்னு ஒரு நஞ்சு இருக்கலாம். அதனால நீங்களும் பையைப் பிரிச்சா காத்துப் புகாத டப்பாவுல கொட்டி வைங்க.

அப்புறம்தான் திப்பி ஞாபகம் வந்துச்சு. எங்க அரூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு போடாத காடு கம்மி. கிழங்கு மில்லுல பாலெடுத்தது போக மிஞ்சுற சக்கைதான் திப்பி. களத்துல காயப்போட்டு மாட்டுத் தீவனத்துக்கு விக்குறாங்க. காய்ஞ்ச திப்பியில இன்னும் பாதிக்கு மேல மாவுச்சத்துதான். அது போதும் பூனைக்கு. மனுசன் திங்கிற தானியம் எதுக்கு?

இதை டீக்கடையில சொன்னேன். பால்மாடு வச்சிருக்குற பங்காளி ஒருத்தர், "ஏண்ணே, திப்பியும் பூனைக்குப் போயிட்டா என் மாடு என்னத்தத் திங்கும்?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் வரலை. பெங்களூருப் பூனை குடுக்குற விலையை அவரோட மாடு குடுக்காது. அதுக்கப்புறம்தான் மாடு தொடாத நெல்லு உமியைப் பத்தி யோசிச்சேன். உமி தனியா கட்டாது. திப்பி கொஞ்சம் சேர்த்தா கட்டும்னு தோணுது.

எனக்கு இதுல ஆத்திரம் பூனை மேல இல்லை. கிழங்கை லாரியில ஏத்திட்டுப் போனா, மாவுச்சத்து இத்தனை பாயிண்ட்டுன்னு மில்லுல சொல்றதுதான் விலை. பாயிண்ட் குறைஞ்சா காசு குறையும். அதே மாவுச்சத்து பையில ஏறி உங்க வாசலுக்கு வர்றப்ப எந்தப் பாயிண்ட்டும் குறையுறதில்லை. நாளைக்கு இங்கயே பூனை மண்ணு கம்பெனி வந்தாலும் நாங்க மூட்டை தூக்குறவங்களாவே இருந்தா எனக்கு அது வேண்டாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்னு கூட்டம் போட்டு டீ குடிச்சுக் கலையுறாங்களே, அவங்க இதைப் பண்ணலாம். பெரிய மிசின் ஒண்ணும் தேவைப்படாது.

பூனை வச்சிருக்குறவங்களுக்கு ஒண்ணு. மக்குற பொருள்தானேன்னு அள்ளுனதை மாடித் தோட்டத்துக் கீரைக்கும் தக்காளிக்கும் போட்டுடாதீங்க. பூனை மலத்துல டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு கிருமி இருக்கலாம். மாசமா இருக்குற பொண்ணுங்க அந்தத் தட்டைச் சுத்தம் பண்ணாம இருக்குறது நல்லது.

ரெண்டு பங்கு உமிக்கு ஒரு பங்கு திப்பின்னு கலந்து வச்சிருக்கேன், இந்தத் தடவை கோழி எட்டாத பரண் மேல. அடுத்த வாரம் பஸ்ஸுல ஒரு பை மகளுக்குப் போகுது. பூனை ஒத்துக்குச்சான்னு கேட்டு எழுதுறேன்.