'ஹூ' என்றால் 'யார்' மட்டும்தானா?

ஆங்கில வாக்கியத்தின் நடுவில் 'ஹூ' வந்தால் நம் பிள்ளைகள் கேள்விக்குறியைத் தேடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஹூ என்றால் யார், விச் என்றால் எது, வேர் என்றால் எங்கே என்று சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்ய வைத்துவிட்டோம். பெரிய வகுப்பில் அதே சொல் வேறு வேலை செய்கிறது என்பதை யாரும் நின்று சொல்வதில்லை. நவுன் கிளாஸ், அட்ஜெக்டிவ் கிளாஸ், அட்வெர்ப் கிளாஸ் என்று பெயர் எழுதச் சொல்கிறார்கள். (தமிழில் எழுதினால் வகுப்பும் கிளாஸ், இதுவும் கிளாஸ், தண்ணீர் குடிப்பதும் கிளாஸ்!) நாங்களும் ரென் அண்ட் மார்ட்டினை வைத்துக்கொண்டு சிம்பிளைக் காம்ப்ளெக்ஸாக மாற்றிக்கொண்டுதான் இருந்தோம்.

என் அபிப்பிராயம், இதைத் தமிழிலிருந்து தொடங்க வேண்டும். 'நேற்று வந்த பையன்' என்பதில் 'வந்த' பெயரெச்சம். அதைத் தமிழ்ப் பாடத்தில் படித்த பிள்ளைக்கு அட்ஜெக்டிவ் கிளாஸ் அந்நியமே இல்லை. நாம் பையனுக்கு முன்னால் வைப்பதை ஆங்கிலேயன் பின்னால் வைக்கிறான்: 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே'. இங்கே 'ஹூ' எதையும் கேட்கவில்லை. எந்தப் பையன் என்று வேலி போட்டுக் காட்டுகிறது.

அந்த வேலிக்குள் யார், வெளியே யார் என்பதுதான் முக்கியம். இதெல்லாம் மார்க் சமாச்சாரம் என்பவர்கள் நகாரா வழக்கைப் பார்க்கட்டும். 1979-ல் மத்திய அரசு பென்ஷன் கணக்கிடும் முறையைத் தாராளமாக்கியது. யாருக்கு? 31-3-1979 அன்று பணியில் இருந்து, அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெறுகிற ஊழியர்களுக்கு. ஆங்கில ஆணையில் அது 'ஊழியர்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட ஒரு 'ஹூ' கிளாஸ். அதற்கு முன்பே ஓய்வு பெற்ற கிழவர்கள் எல்லாம் அந்த ஒரு கிளாஸால் வெளியே நின்றார்கள். அவர்களும் அதே வேலையைப் பார்த்தவர்கள்தான், அதே கடையில்தான் அரிசி வாங்கினார்கள்.

1982 டிசம்பர் 17 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், அந்த நிபந்தனை அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு விரோதம் என்று சொல்லி நீக்கினார்கள். திட்டம் முழுவதையும் ரத்து செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டுப்படுத்திய சொற்கள் மட்டும் போயின. முன்பு ஓய்வு பெற்றவர்களும் உள்ளே வந்தார்கள். டிசம்பர் 17-ஐ நாம் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். கரும்பலகையில் இப்படி ஒரு வாக்கியத்தை எழுதி, 'ஹூ'வில் தொடங்கும் பகுதியை மட்டும் அழியுங்கள். இப்போது புதிதாக யார் யார் உள்ளே வந்தார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கடைசி பெஞ்சும் பதில் சொல்லும். அது நவுன் கிளாஸா அட்ஜெக்டிவ் கிளாஸா என்பதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.