டர்போ ஏறிய பழைய சத்ரியா: எஞ்சின் மகனுடையது, பொறுப்பு யாருடையது?

போனட் கழற்றிய பழைய புரோட்டோன் சத்ரியா. அதன் மேல் செயின் பிளாக்கில் தொங்கும் ஓர் எஞ்சின். சுற்றிலும் கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு நான்கைந்து இளைஞர்கள். வார இறுதிகளில் நம்மவர்கள் வாழும் தாமான்களில் இது புதிய காட்சி அல்ல. ஜப்பானில் ஓடிய காரிலிருந்து வந்த டர்போ எஞ்சினை நம் நாட்டுப் பழைய காரில், வீட்டு வாசலிலேயே பொருத்திவிடுகிறார்கள்.

அரசாங்கமோ பழைய கார்களைச் சாலையிலிருந்து விலக்கப் பார்க்கிறது. 20 ஆண்டுகளுக்கு மேலான வாகனத்தை அழிக்கக் கொடுத்துவிட்டுப் புதிய புரோட்டோன் அல்லது பெரொடுவா வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவித்தொகை என்று 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆனால் 1998ல் வந்த சத்ரியா ஜிடிஐ, இரு கதவு கொண்ட புத்ரா போன்ற கார்களை வைத்திருப்பவர்களுக்கு அவற்றை இரும்புக் கடைக்கு அனுப்ப மனம் வராது. ஜிடிஐ காரின் ஓட்டத்தைச் செம்மைப்படுத்தியது, அப்போது புரோட்டோனின் கையில் இருந்த லோட்டஸ் நிறுவனம். உடலை வைத்துக்கொள்வோம், எஞ்சினை மாற்றுவோம் என்பதே இவர்களின் கணக்கு.

இந்த ஆசையில் தவறில்லை. வேலையைச் செய்யும் வரிசையில்தான் தவறு நடக்கிறது.

ஏன் டர்போ?

சாதாரண எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. டர்போவில், வெளியேறும் புகையின் வேகம் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்துகிறது. காற்று கூடும்போது அதற்கேற்ப பெட்ரோலும் கூடுகிறது, சக்தியும் கூடுகிறது.

விரா, சத்ரியா, புத்ரா எல்லாம் மிட்சுபிஷி கார்களின் வடிவமைப்பிலிருந்து பிறந்தவை. அதனால்தான் 1990களின் லான்சர் ஜிஎஸ்ஆர் காரில் இருந்த 4ஜி93 டர்போ எஞ்சினுக்கு இங்கே இத்தனை மவுசு. 1.3 சத்ரியாவின் சக்தி 75 குதிரைத்திறன் அளவில் இருக்கும். ஜிடிஐ காருக்கு 140ஐ ஒட்டி. ஜப்பானிய ஜிஎஸ்ஆர் எஞ்சினுக்கோ 195.

இந்த எஞ்சின் வரும் வழியும் சுவாரஸ்யமானது. ஜப்பானில் புதிய காருக்கு 3 ஆண்டுகளிலும், பிறகு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு. அதற்கு ஆகும் செலவை நினைத்துப் பலர் காரை முன்கூட்டியே கைகழுவுகிறார்கள். அதை முழுக் காராக இங்கே இறக்குமதி செய்ய ஏபி அனுமதியும் வரியும் தேவை. முன்பாதியை மட்டும் வெட்டி அனுப்பினால் அது உதிரிபாகம். ‘ஹாஃப் கட்’ என்றும், விற்கும் இடத்தைப் ‘பொத்தோங் கடை’ என்றும் நாம் சொல்வது இதைத்தான்.

எஞ்சினோடு வராதவை

முதலாவது, சக்கரம். லான்சர் ஜிஎஸ்ஆர் நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுத்த கார். சத்ரியாவில் அத்தனை சக்தியும் முன் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகிறது. கியர்பாக்ஸை அதற்கேற்ப மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும், மழை நாளில் மிதியை அழுத்தினால் டயர் வழுக்கும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

இரண்டாவது, பிரேக். வேகம் இரண்டு மடங்கானால், காரை நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 1.3 சத்ரியாவின் பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக். 75 குதிரைத்திறனுக்காகச் செய்யப்பட்ட அமைப்பு அது. எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, பிரேக்கைப் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவதுதான் இந்த வேலையில் மிக ஆபத்தான முடிவு.

மூன்றாவது, சூடு. டர்போவின் புகைப்பக்கம் கடும் வேலையில் செந்தணலாகச் சிவக்கும். அதற்கு எண்ணெய் கொண்டு போகும் குழாய் சரியாகப் பூட்டப்படாமல் கசிந்தால், சூடான இரும்பின் மேல் எண்ணெய் சொட்டும். தீ பிடிக்க அது போதும். பழைய ரேடியேட்டரும் இந்தச் சூட்டைத் தாங்காது.

நான்காவது, பெட்ரோல். 2025 செப்டம்பர் 30 முதல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த புடி95 திட்டத்தில் ரோன்95 லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் இந்த எஞ்சின்கள் ஜப்பானின் உயர்ரகப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. குறைந்த ஆக்டேன் பெட்ரோலில் டர்போ அழுத்தம் ஏறும்போது, எரிபொருள் நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம். ஆகவே மானியம் இல்லாத ரோன்97க்குப் போக வேண்டும். சம்பளம் வாங்கும் இளைஞரின் மாதக் கணக்கில் இந்தச் செலவு நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

கிராண்டில் உள்ள எண்

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கார் சாலைக்குத் தயாராகிவிடவில்லை. ‘கிராண்ட்’ என்று நாம் அழைக்கும் வாகன உரிமைச் சான்றிதழில் எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் பதிவாகியிருக்கின்றன. எஞ்சினை மாற்றினால் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஜேபிஜேயிடம் தெரிவித்து, வாகனச் சோதனையில் தேறி, பதிவைத் திருத்த வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு வாங்கிய ரசீதும் சுங்க ஆவணமும் கையில் இருக்க வேண்டும். ரசீது இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் எஞ்சின் திருட்டுக் காருடையதாக இருந்தால், போலீஸ் முதலில் கேள்வி கேட்பது வாங்கியவரைத்தான்.

பலர் இதைச் செய்யாமல் விடுவதற்குச் சாலை வரியும் ஒரு காரணம். தீபகற்ப மலேசியாவில் 1.3 சத்ரியாவுக்கு ஆண்டுக்கு 70 ரிங்கிட். 1,834 சிசி எஞ்சினைப் பதிந்தால் 280 ரிங்கிட்டோடு, 1,800க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 50 சென் சேரும். மொத்தம் 297 ரிங்கிட். வித்தியாசம் 227 ரிங்கிட். ஒரு நல்ல டயரின் விலைகூட இருக்காது. அதை மிச்சப்படுத்தப் போய் எதைப் பணயம் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

பணயமாக வைப்பது காப்புறுதியை. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, காப்புறுதி எடுப்பவர் உண்மைகளை நியாயமான கவனத்தோடு சொல்ல வேண்டும். காரின் சக்தியைக் கூட்டும் மாற்றத்தை மறைத்தால், விபத்துக்குப் பிறகு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினருக்குக் கொடுத்த தொகையை உரிமையாளரிடம் திரும்பக் கேட்கும் நிலையும் வரலாம்.

இங்கேதான் நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கார் பெரும்பாலும் மகன் பெயரில் இருப்பதில்லை. தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா வாங்கிய காராக இருக்கும். அல்லது அதிகபட்சமாக 55 விழுக்காடு வரை கிடைக்கும் ‘என்சிடி’ கழிவுக்காக அம்மா பெயரில் காப்புறுதி ஓடும். மகன் வெள்ளிக்கிழமை இரவு எஞ்சினை மாற்றுகிறான். திங்கட்கிழமை விபத்து நடந்தால், கடிதம் வருவது அப்பாவின் பெயருக்கு. 4ஜி93 என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கைத்திறனுக்குத் தாள் உண்டு

இதையெல்லாம் சொல்வது நம் பிள்ளைகளைக் குறை கூற அல்ல. ஒரு காரின் வயரிங்கைப் பிரித்து இன்னொரு காரின் கணினியோடு இணைத்து ஓட வைப்பது சாதாரண வேலையே அல்ல. பட்டறையில் போமனிடம் அடி திட்டு வாங்கிக் கற்ற திறமை அது. ஆனால் கையில் சான்றிதழ் இல்லாததால், எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அவர்கள் உதவியாளர் சம்பளத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் எஸ்கேஎம் சான்றிதழை, வகுப்பறைக்குப் போகாமலேயே பெற ஒரு வழி உண்டு. பிபிடி எனப்படும் முன் அனுபவ அங்கீகார முறை அது. வேலை செய்த அனுபவத்தைப் படங்கள், குறிப்புகள், ஆவணங்கள் மூலம் நிரூபிக்க வேண்டும். ஒழுங்காகப் பதிவு செய்து, ரசீதோடும் படங்களோடும் செய்த எஞ்சின் மாற்ற வேலையை அந்தத் தொகுப்பில் பெருமையோடு வைக்கலாம். ஒளித்துச் செய்த வேலையை எங்கும் காட்ட முடியாது.

ஆகவே வரிசையை மாற்றுவோம். முதலில் கார் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் விளக்கிச் சம்மதம் பெறுவது. பிறகு ஜேபிஜே அலுவலகத்திலும் காப்புறுதி முகவரிடமும் விசாரிப்பது. அடுத்து பிரேக், ரேடியேட்டர், டயர். எஞ்சின் வாங்குவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையில் போகப் பணம் போதவில்லை என்றால், அந்த எஞ்சினுக்கும் பணம் போதவில்லை என்றே பொருள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வாசலில் செயின் பிளாக் தொங்கினால் திட்டிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். ‘இந்த எஞ்சினுக்கு ரசீது இருக்கிறதா, கிராண்டில் எப்போது மாற்றப் போகிறாய்?’ என்று கேளுங்கள். கார் உங்கள் பெயரில் இருக்கும்வரை, அதைக் கேட்கும் உரிமையும் உங்களுடையதுதான்.