உங்க வளையல் சைஸ் என்ன?

செஞ்சியில் எந்த வளையல் கடைக்குப் போனாலும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

"சைஸ் என்னம்மா?"
"தெரியலண்ணா, கையப் பாத்து நீங்களே குடுங்க."

செருப்பு சைஸ் தெரியும், சுடிதார் சைஸ் தெரியும், கண்ணாடியின் பவர் கூடத் தெரியும். ஆனால் வருஷம் முழுக்கக் கையிலும் காலிலும் கிடக்கிற நகையின் அளவு மட்டும் பலருக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், போடுகிறவளுக்குத் தெரியாது! இது சின்ன விஷயம் மாதிரி தோன்றும். ஆனால் இதில் காசும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. ஒரு டேப்பும் ஐந்து நிமிஷமும் இருந்தால் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். அவரவர் அளவை அவரவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

அந்த 2-4, 2-6 என்றால் என்ன?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்போம். 2-4 என்றால் 2.4 அங்குலம் இல்லை. 2 அங்குலமும் ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் வரும் 4 பங்கும். அதாவது ரெண்டே கால் அங்குலம். வளையலின் உள்விட்டம் அது. பழைய ரூபாய் அணா கணக்கை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். 1957-க்கு முன்னால் 16 அணா ஒரு ரூபாய். ரூபாய் இருந்த இடத்தில் அங்குலத்தையும், அணா இருந்த இடத்தில் பதினாறில் ஒரு பங்கையும் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். 2-2 என்பது ரெண்டே அரைக்கால். 2-8 என்பது ரெண்டரை.

ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் அரைக்கால் அங்குலம். நம் ஊர் தச்சரும் கொத்தனாரும் இதைத்தான் "ஒரு நூல்" என்பார்கள். எட்டு நூல் ஒரு அங்குலம்.

இதில் ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. விட்டம் ஒரு நூல் கூடினால் சுற்றளவு எவ்வளவு கூடும்? பள்ளிக்கூடத்தில் படித்த பை (3.14) இங்கேதான் உதவுகிறது. ஒரு நூல் 3.175 மி.மீ. அதை 3.14 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 10 மி.மீ. அதாவது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர்! ஆகவே அட்டவணை இப்படி வருகிறது:

சுற்றளவு 17 செ.மீ. - 2-2
18 செ.மீ. - 2-4
19 செ.மீ. - 2-6
20 செ.மீ. - 2-8
21 செ.மீ. - 2-10

இதை மனப்பாடம் செய்யக்கூடத் தேவையில்லை. 18 என்றால் ரெண்டே கால் என்று ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் மற்றது தானே வரும்.

எங்கே அளப்பது?

பலர் செய்கிற தப்பு மணிக்கட்டை அளப்பது. திருகு வைத்த வளையலுக்கும் பிரேஸ்லெட்டுக்கும்தான் மணிக்கட்டு அளவு. முழு வளையல் மணிக்கட்டில் நிற்கும், ஆனால் உள்ளே போக வேண்டியது கையைத் தாண்டி. எனவே கட்டை விரலைச் சுண்டு விரலின் அடிப்பக்கம் மடக்கிக் கையைக் குவித்து, விரல் முட்டிகள் இருக்கும் அகலமான இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். இறுக்கவும் கூடாது, தொளதொள என்றும் விடக்கூடாது. 18-க்கும் 19-க்கும் நடுவில் வந்தால், தங்கத்துக்குப் பெரியதையே எடுப்பது நல்லது.

மோதிரத்துக்கு நூலைச் சுற்றாதீர்கள், நூல் இழுபடும். ஒல்லியாக வெட்டிய காகிதத் துண்டைச் சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு ஸ்கேலில் மி.மீ. பாருங்கள். விரலின் அடியையும் முட்டியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். முட்டி பெரியதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு. பட்டையான மோதிரம் என்றால் கொஞ்சம் தாராளம் வேண்டும். பழைய மோதிரத்தின் விட்டத்தை ஸ்கேலில் வைத்துப் பார்ப்பது ஆபத்து. விட்டத்தில் அரை மி.மீ. தப்பினால் சுற்றளவில் ஒன்றரை மி.மீ. தப்பும். அதுவே மோதிரம் ஏறாமல் போகப் போதும்.

கடையில் சொல்லும்போது நம்பரைச் சொல்லாமல் மி.மீ. சொல்வது நல்லது. இங்கிலாந்தில் மோதிர சைஸுக்கு எழுத்து, அமெரிக்காவில் வேறு எண். ஐ.எஸ்.ஓ. 8653 என்ற சர்வதேச அளவு முறை உள்சுற்றளவை மி.மீ.-இல் அப்படியே சொல்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் மோதிரம் கேட்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மெட்டிக்கு உட்கார்ந்து அளக்காதீர்கள். எழுந்து நின்றால் பாதம் விரியும். நிற்கும்போது வரும் அளவுதான் நடக்கும்போது கடிக்காத அளவு. கொலுசுக்குக் கணுக்கால் எலும்புக்கு மேலே அளந்து, ஒன்றிரண்டு செ.மீ. கூட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அழுத்துமா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, செஞ்சி வெயில். பாறை மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். சித்திரை மத்தியானத்தில் விரல் உப்பும், மார்கழி விடியலில் சுருங்கும். ஒரே தடவை அளந்து முடிவு செய்யாமல் வெவ்வேறு நாளில் மூன்று முறை அளப்பது நல்லது.

கடையில் போட்டுப் பார்த்தால் போதாதா?

நியாயமான கேள்வி. மோதிரத்துக்குக் கடையில் இருக்கும் அளவு வளையக் கொத்து வீட்டுக் காகிதத்தை விடச் சரியானது, மறுப்பதற்கில்லை. ஆனால் நகை வாங்கும்போது அதைப் போடப் போகிறவள் எப்போதும் கூட இருக்கிறாளா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் போய் மோதிரமும் மெட்டியும் எடுக்கிறார்கள். "பொண்ணு ஒல்லிதான், 2-4 போதும்" என்று யாரோ சொல்கிறார்கள். ஒல்லிக்கும் கை எலும்புக்கும் என்ன சம்பந்தம்? முகூர்த்தத்தன்று சோப்பு போட்டு ஏற்றி, கை சிவந்து, அதையும் சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நிற்க வேண்டியது அந்தப் பெண். ஆன்லைனில் வாங்குபவர்களுக்கோ கடையே இல்லை, அளவு மட்டும்தான்.

காசுக் கணக்கையும் பாருங்கள். செஞ்சிக்காரர்களில் பலர் பெரிய நகை எடுக்கத் திண்டிவனமோ திருவண்ணாமலையோ புதுச்சேரியோ போகிறார்கள். திண்டிவனமே கிட்டத்தட்ட 30 கி.மீ. அளவு தப்பினால் திரும்ப ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. அது மட்டுமா? இணைப்பில்லாத வளையலைச் சும்மா பெரிதாக்க முடியாது. மாற்றினால் சேதாரமும் செய்கூலியும் மறுபடி கொடுக்க வேண்டி வரலாம். உதாரணத்துக்கு ஒரு பவுன் (8 கிராம்) வளையலுக்குச் சேதாரம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 0.8 கிராம் தங்கத்தின் விலை. ஒரு நூல் தப்பியதற்கு இவ்வளவு அபராதம்!

வலி இன்னும் பெரியது. இறுக்கமான மெட்டியோடு கழனியில் நாள் முழுக்க நிற்கிறவளைக் கேட்டால் தெரியும். வீங்கிய விரலில் மாட்டிக்கொண்ட மோதிரம் ரத்த ஓட்டத்தையே தடுக்கும், கடைசியில் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் கை கால் வீங்குவது சகஜம். ஆனாலும் வளைகாப்புக்கு ஏழாம் மாதத்தில் கண்ணாடி வளையல் வாங்கும்போது கல்யாணத்தின்போது இருந்த பழைய அளவையே சொல்கிறார்கள். ஏற்றும்போது உடைந்து கையைக் கீறுகிறது, உடனே "அபசகுனம்" என்று வேறு சொல்லிவிடுகிறார்கள். சகுனம் இல்லை, சைஸ்! விழாவுக்கு முதல் வாரம் ஒரு முறை அளந்தால் அந்தப் பேச்சே வராது.

அளப்பது நமக்குப் புதிதா?

இல்லவே இல்லை. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த நகைகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை பிசகாமல் எழுதப்பட்டிருக்கின்றன. பொன் நிறுக்க "ஆடவல்லான்" என்று பெயர் வைத்த தனி எடைக்கல் இருந்தது. செப்புத் திருமேனிகளின் உயரம் முழம், விரல் என்று பதிவாகியிருக்கிறது. சாமியின் நகைக்கு இத்தனை கணக்கு வைத்த ஊரில் மனுஷியின் நகைக்கு ஏன் குத்துமதிப்பு?

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டையையே பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் சுற்றி வளைத்துப் போகிற மதில், மலை ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்குகிறது. மதிலுக்காக மலையை யாரும் இடிக்கவில்லை. வளையலும் அப்படித்தான் இருக்க வேண்டும். கைக்கு வளையல், வளையலுக்குக் கை இல்லை.

எனவே நோட்டின் கடைசிப் பக்கத்திலோ செல்போனிலோ நான்கு வரி எழுதி வைக்கட்டும் ஒவ்வொரு பெண்ணும்: வளையல், மோதிரம், மெட்டி, கொலுசு. கீழே தேதி. வருஷத்துக்கு ஒரு முறை திருத்தினால் போதும். நிச்சயதார்த்தப் பேச்சில் எத்தனை பவுன் என்று கேட்பவர்கள் இருக்கும் வரை, "என் அளவு இது" என்று முதலில் சொல்லும் குரல் பெண்ணுடையதாக இருக்கட்டும்.