சாடியில் வெட்சி

வெட்சித் திணையை விளக்குக என்றால் நம் மாணவர் பலர் தடையின்றி விளக்குவர். பகைவரது ஆநிரையைக் கவரச் செல்லும் வீரர் வெட்சிப் பூவைச் சூடிச் செல்வர் என்றும், தொல்காப்பியர் அத்திணையைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்தார் என்றும், கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துக் கூறிய 99 மலர்களுள் வெட்சியும் ஒன்று என்றும் வரிசையாக ஒப்புவிப்பர். அந்த வெட்சியைக் காட்டுக என்றால் மட்டும் விழிப்பர். வகுப்பறைக்கு வெளியே, விறாந்தை ஓரத்துச் சீமெந்துச் சாடியில், மஞ்சளித்த இலைகளோடு மெலிந்து நிற்பது அதுவே என்று அவர்க்குச் சொல்வார் இல்லை.

செந்நிறச் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும் இச்செடி, ஆண்டு முழுவதும் இலை உதிர்த்து வெறுமையாகாத பசுஞ்செடி. தென்னிந்தியாவும் இலங்கையுமே இதன் தாயகம். தமிழ்நாட்டில் இதனை இட்டலிப் பூ என்றும் வழங்குவர். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த இதற்கு 1753 ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் அறிஞர் ‘இக்சோரா கொக்சினியா’ எனப் பெயரிட்டார். ‘ஈசுவரன்’ என்ற சொல்லின் திரிபே ‘இக்சோரா’ என்பர். முருகனுக்கு உரிய பூவென்று நம் இலக்கியம் போற்றும் செடியை நாம் இன்று ‘எக்சோறா’ என்று அழைத்து, ஏதோ அந்நிய நாட்டு அலங்காரச் செடி என்று எண்ணிக்கொண்டிருக்கின்றோம்.

பெயரை மறந்தது ஒருபுறமிருக்க, அது சாடியில் மெலிவது ஏன்? யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கு இல்லை. மாரி மழை பாறையூடு இறங்கிக் கிணற்று நீராகின்றது. இறங்கும்போதே சுண்ணாம்பையும் கரைத்துக்கொள்கின்றது. தண்ணீர் காய்ச்சும் கேத்தலின் உட்புறத்தில் வெண்மையாகப் படிவது அதுவே. அந்நீரை நாள்தோறும் சாடிக்கு ஊற்றுகின்றோம். நீர் ஆவியாகப் போகின்றது, சுண்ணாம்பு தங்கிவிடுகின்றது. நிலத்தில் நிற்கும் செடிக்கு மாரி மழை வந்து மண்ணைக் கழுவிக் கொடுக்கும். வேரும் வேண்டியவாறு விலகி ஓடும். விறாந்தைக் கூரையின் கீழ் நிற்கும் சாடிக்கு மழையும் இல்லை, விலகி ஓட இடமும் இல்லை.

வெட்சியோ சிறிது புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. மண்ணிற் சுண்ணாம்பு மிக மிக, அங்குள்ள இரும்புச் சத்து வேரால் உறிஞ்ச இயலாத நிலையை அடைகின்றது. இளந்தளிர் மஞ்சளிக்க, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பது இதன் அடையாளம். செம்பாட்டு மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்ததுதான். சுற்றிலும் இரும்பு கிடக்க, செடி இரும்பின்றி வாடுகின்றது! இது கண்டு யூரியாவைத் தூவுவோர் உளர். அது இந்நோய்க்கு மருந்தன்று.

வேறு சிலர் செய்யும் வைத்தியம், செடியை அப்படியே தூக்கிப் பெரிய சாடியொன்றில் வைப்பது. இதனையே நான் முக்கியமாக மறுக்க விரும்புகின்றேன். பழைய சாடியைக் கவிழ்த்துப் பார்த்தவர் அறிவர். வேர்கள் சாடியின் சுவரைத் தொட்டுத் திரும்பி, சுற்றிச் சுற்றி, கயிற்றுச் சுருள் போல் இறுகிக் கிடக்கும். அச்சுருளைக் குலைக்காது பெரிய சாடியில் இட்டால், வேர் புதிய மண்ணை நோக்கி எளிதில் நீளாது. பழைய வட்டத்திலேயே சுழலும். வேர் எட்டாத மண்ணில் நீர் தேங்கும். தேங்கிய நீர் வேரை அழுகச் செய்யும். இடம் பெருகியது, வாழ்வு பெருகவில்லை.

செய்யத்தக்கது வேறு. முதல்நாள் மாலையே செடிக்கு நன்றாக நீர் விடல் வேண்டும். மறுநாட் காலை சாடியைச் சரித்து, விளிம்பை மெல்லத் தட்டிச் செடியை மண்ணோடு வெளியே எடுத்து, சுற்றியிருக்கும் வேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கூரிய கத்தியாற் சீவி, எஞ்சிய வேரைக் கோதிப் பழைய மண்ணை உதிர்த்தல் வேண்டும். வேர் குறைந்த அளவுக்குக் கொப்புகளையும் குறைக்க வேண்டும். குறைந்த வேர் நிறைந்த இலைக்கு நீர் கொடுக்க மாட்டாது. சாடியின் துளைமேல் ஓட்டுத்துண்டு இட்டு, செம்மண்ணும் நன்கு மக்கிய கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்து நிரப்புக. கடற்கரை மணலும் இடிந்த சுவரின் சாந்தும் ஆகா. அவை சுண்ணாம்பையே மீண்டும் கொண்டுவரும். சீமெந்துச் சாடியினும் மண்சாடி நல்லது. தண்டு முன்பு எவ்வளவு புதைந்திருந்ததோ அவ்வளவே இப்போதும் புதைய வேண்டும். சாடி பெரிதாக வேண்டுமாயின் ஓரிரு அங்குலம் பெரிதாயின் போதும்.

இதற்கு ஏற்ற காலம் ஐப்பசி மாரி தொடங்கும் வேளை. சோளகம் வீசும் கோடையிற் செய்தால் வெட்டுண்ட வேர் தேறுமுன் இலை காய்ந்துபோகும். இரண்டு கிழமை நிழலில் வைத்து, புதுத்தளிர் கண்ட பின்னரே எரு இடுக. கூரையிலிருந்து வழியும் மழைநீரை ஏந்தி வைத்து ஊற்றினால் செடி நன்றி சொல்லும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இவ்வாறு செய்தாற் சாடி வெட்சி நெடுங்காலம் வாழும்.

இவ்வளவையும் இலக்கியப் பக்கத்தில் எழுதுவது ஏன் என்று கேட்கலாம். நம் இலக்கியக் கல்விக்கும் நேர்ந்திருப்பது இதே நிலை என்பது என் கருத்து. பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் நூல் தடிக்கின்றது, குறிப்பேடு பெருக்கின்றது. கற்பிக்கும் முறையோ பழைய வட்டத்திலேயே சுற்றுகின்றது. ஆசிரியர் மாணவராய் இருந்தபோது எழுதிய குறிப்பை அவர் மாணவர் எழுதுகின்றனர். அவர்தம் மாணவரும் அதனையே எழுதுவர். சாடியைப் பெரிதாக்கினோம், வேரைத் தொடவில்லை, மண்ணை மாற்றவில்லை.

இம்மண்ணுக்கு வேறொரு வழக்கமும் உண்டு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். வெட்சித் திணை சொல்லும் புறத்திணையியல் அதன்கண் உள்ளது. செல்லரித்து ஒடியும் ஏட்டிலிருந்து அதனைத் தாளுக்கு மாற்றியவர், ஏட்டைப் போற்றிப் பெட்டியிற் பூட்டி வைப்பதே மரபு காத்தல் என்று எண்ணவில்லை. பிழைபட்ட பாடங்களைக் களைந்தார், மூலத்தைக் காத்தார். சீவ வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்று தெரிந்து செய்தார். செடி மாற்றி நடுபவனுக்கும் வேண்டிய அறிவு அதுவேயன்றோ?

ஆகவே நான் வேண்டுவது ஒன்று. வெட்சித் திணை கற்பிக்கும் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு சாடி வெட்சியேனும் இருத்தல் வேண்டும். அதனை மாற்றி நடும் வேலையை மாணவரே செய்தல் வேண்டும். பரீட்சைக்கு நாள் போதாதபோது செடிக்கு நேரம் ஏது என்பர் ஆசிரியர். அக்கவலை பொய்யன்று. ஆயினும் இரண்டாண்டுக்கு ஒரு காலைப்பொழுது, ஒரு பாடவேளை, பெரிய இழப்பாகாது. தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் அன்று ஒரே சாடியின் முன் நிற்கலாம். ஒருவர் சுண்ணாம்பைச் சொல்ல, மற்றவர் ஆநிரையைச் சொல்லட்டும். வேரைத் தன் கையாற் கோதிய பிள்ளைக்கு அதன்பின் வெட்சி வெறுஞ் சொல்லாக இராது. அது சூடிச் சென்றவரின் தலையில் என்ன நிறம் இருந்தது என்று அப்பிள்ளைக்கு எவரும் குறிப்புச் சொல்ல வேண்டுவதில்லை.