தொப்பிக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு சின்ன சண்டை. 'வாக்கவுட்' படம் (2006ல ஹெச்.பி.ஓ.வுக்காக எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் எடுத்தது) பார்த்துட்டு வந்த நண்பர் ஒருத்தர், "அந்த பிரவுன் பெரே பசங்க கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து காப்பி அடிச்சவனுங்கப்பா. எவனோ தூண்டிவிட்டான், ஸ்கூல் பசங்க ஆடிட்டாங்க"ன்னு ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டு மோர் வாங்கப் போயிட்டார். எனக்கு சாப்பாடு இறங்கலை. அங்க சொல்லாததை இங்க கொட்டறேன்.

முதல்ல தேதி. லாக் பார்க்காம யார் மேலயும் பக் போடக்கூடாது இல்லையா? கருஞ்சிறுத்தைகள் கட்சி ஓக்லாந்துல ஆரம்பிச்சது 1966 அக்டோபர். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் மெக்சிகோ அமெரிக்கப் பசங்க, ஒரு மாணவர் மாநாட்டுல சந்திச்சு, சங்கம் ஆரம்பிச்சது அதே வருஷம் மே. விக்கி காஸ்ட்ரோ, டேவிட் சாஞ்செஸ், மொக்டெசூமா எஸ்பார்சா... எல்லாம் இளம் பிள்ளைகள். சங்கத்தோட பேரு 'யங் சிட்டிசன்ஸ் ஃபார் கம்யூனிட்டி ஆக்‌ஷன்'. சிட்டிசன்ஸ்! இதைவிட சாதுவா ஒரு பேர் வைக்க முடியுமா? சாஞ்செஸ் அப்போ மேயரோட இளைஞர் ஆலோசனைக் குழுத் தலைவர் வேற.

இவங்க முதல்ல செஞ்ச காரியம் என்ன தெரியுமா? தேர்தல் வேலை. 1967ல ஹார்வர்டுல டாக்டர் பட்டம் வாங்கின ஹூலியன் நாவா கல்வி வாரியத்துக்கு நின்னப்போ தெருத் தெருவா ஓட்டுக் கேட்டாங்க. அவரும் ஜெயிச்சார். எபிஃபனி சர்ச் பாதிரியார் ஜான் லூஸ் உதவியோட 'லா பிரான்யா'ன்னு ஒரு காபிக் கடை திறந்தாங்க. பசங்க உக்காந்து பேச ஒரு இடம், அவ்வளவுதான்.

அதுக்குக் கிடைச்ச பதில் போலீஸ். கடைக்கு வந்தவங்களை நிறுத்தி விசாரணை, ராத்திரி நேரக் கட்டுப்பாட்டை மீறினதா கெடுபிடி. பள்ளிக்கூடத்துலயோ ஸ்பானிஷ் பேசினா அடி, மதிய இடைவேளையில கழிப்பறைக்குப் பூட்டு, நல்லாப் படிக்கிறவனையும் பட்டறை வகுப்புக்குத் தள்ளறது. கார்ஃபீல்டு பள்ளியில பாதிக்கும் மேல படிப்பை முடிக்காம வெளியேறினாங்க. ஓட்டுப் போட்டு ஆளை அனுப்பியும் பூட்டு திறக்கலை.

இதுக்கு நடுவுலதான் சங்கத்தோட பேர்ல ஒரே ஒரு வார்த்தை மாறுச்சு. 'சிட்டிசன்ஸ்' போய் 'சிகானோஸ்' வந்துச்சு. ஆங்கிலத்துல ரெண்டுக்கும் முதல் எழுத்து சி-தான், அதனால சுருக்கப் பேர் கூட மாறலை. அப்புறம்தான் ஐயா தொப்பி, 1968 ஆரம்பத்துல! தொப்பியும் ராணுவ மிடுக்கும் சிறுத்தைகள் சாயல்தான், ஒத்துக்கறேன். ஆனா சட்டை கடன் வாங்கினவன் பசியையும் கடனா வாங்கினான்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

அந்த மார்ச்லதான் லிங்கன் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ துணை நிக்க, 10,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தாங்க. காஸ்ட்ரோ, எஸ்பார்சா, சாஞ்செஸ் உட்பட 13 பேர் மேல சதி வழக்கு. சதியாம்! கழிப்பறையைத் திறந்து விடுன்னு கேட்டது சதி! 1970ல மேல் கோர்ட் வழக்கைத் தூக்கி எறிஞ்சது.

இவங்க புனிதர்கள்னு நான் சொல்லலை. ஆம்பளைங்க பட்டாளத்து மிடுக்குல திரிய, 1969ல இலவச கிளினிக்கை இழுத்துக் கட்டி நடத்தினது குளோரியா அரெயனெஸ் மாதிரி பெண்கள். மரியாதை கிடைக்கலைன்னு 1970ல அவங்க மொத்தமா வெளியேறிட்டாங்க. திட்டணும்னா இதுக்குத் திட்டுங்க, நானும் சேர்ந்துக்கறேன்.

அப்புறம் நண்பரே, 'எவனோ தூண்டிவிட்ட' அந்த விக்கி காஸ்ட்ரோ ஆசிரியையாகி, 1993ல அதே லாஸ் ஏஞ்சலஸ் கல்வி வாரியத்துக்கு தேர்தல்ல ஜெயிச்சுப் போனாங்க. திங்கக்கிழமை கேன்டீனுக்கு வாங்க, மீதியைப் பேசுவோம். மோர் என் செலவு.