விளையாட்டொளியும் விழிநலமும்

ஐம்பொறிகளுள் கண்ணே தலைசிறந்தது என்பதைச் சிறுவரும் அறிவர். அருமையாகப் பேணும் பொருளைக் 'கண்ணைப்போற் காத்தல்' என்று நம்மவர் சொல்லிவருகின்றனர். ஆயின், அக்கண்ணையே அங்ஙனம் காக்கின்றோமா என்று கேட்பின், விடைகூற மாட்டாது தலைகுனிவார் பலராவர். அவருள் யாமும் சேர்ந்தவரே. ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

ஓரிரவு மாணவர் சிலர்க்கு விண்மீன்களைச் சுட்டிக்காட்டும்பொருட்டுப் பச்சைநிற லேஸர்க்கோல் ஒன்றைக் கையிற் கொண்டிருந்தோம். அதனை அணைக்காமலே திரும்பினமையால், அதன் கிரணம் சாளரக் கண்ணாடியிற் பட்டு மீண்டு எம் வலக்கண்ணைத் தாக்கிற்று. கண் தானே மூடிக்கொண்டது. நோவு சிறிதுமில்லை. பச்சை நிழலொன்று சில நிமிஷங்கள் நின்று மறைந்தது. மறுநாட் காலையில் வெள்ளைச் சுவரை நோக்கியபோதோ, நூலிழை போன்றதொரு நிழல் மிதந்து செல்லக் கண்டோம். அதன்பின் மூன்றிரவு உறக்கமில்லை. பிறர்க்குப் பௌதிகம் போதிக்கும் யாமே இவ்வாறு பிழைசெய்தோமென்று கூற நாணி, ஒருவரிடத்தும் வாய்திறந்திலேம். ஈற்றில் நேத்திர வைத்தியரிடம் சென்றோம். அவர் மருந்திட்டுக் கண்ணின் பாவையை விரியச்செய்து சோதித்து, விழித்திரை பழுதின்றி இருப்பதாகவும், யாம் கண்ட இழை கண்ணினுள்ளிருக்கும் பளிங்குநீரில் நெடுநாளாகவே மிதந்துவருவதாகவும் உரைத்தார். முன்னமே இருந்த அதனை அச்சமே எமக்குக் காட்டிற்று!

யாம் தப்பினோம், தப்பாதாரும் உளர். 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதியன்று அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்பார் மாணிக்கப் படிகத்தைக்கொண்டு முதல் லேஸர் ஒளியைத் தோற்றுவித்தார். அன்று ஆராய்ச்சிச் சாலையில் மட்டுமே இருந்த பொருள் இன்று சிறுவர் சட்டைப்பையிலும் கிடக்கின்றது. மரத்திலும் தோலிலும் சித்திரம் பொறிக்கும் நீலநிற லேஸர் யந்திரங்களை 5 வாட், 10 வாட் வலிமையுடன் வீட்டிலேயே வைத்துப் பொழுதுபோக்குவாரும் பலர். இவ்வொளி சிதறாது நேரே செல்லும் இயல்பினது. கண்ணின் வில்லை அதனை விழித்திரையின்மேல் ஊசிமுனையினும் சிறியதொரு புள்ளியாகக் குவிக்குங்கால், அதன் செறிவு ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு பெருகுகின்றது. அப்புள்ளி நாம் எழுத்தைப் படிக்கவும் முகத்தை அறியவும் உதவும் நடுவிடத்தில் வீழ்ந்து, அங்குள்ள நுண்ணணுக்கள் மாயுமாயின், அவை மீண்டும் முளைப்பதில்லை. விழித்திரைக்கு நோவுணர்ச்சி இன்மையால், எரிந்ததும் எரிந்தவர்க்குத் தெரியாது.

ஒரு மில்லிவாட்டிற்கு மேற்படாத லேஸர்க்கோலாயின், கண் கால் விநாடிக்குள் இமைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். 500 மில்லிவாட்டிற்கு மேற்பட்ட நான்காம் வகுப்பு லேஸரோ, மரப்பலகையிற் பட்டுச் சிதறும் ஒளியாலும் ஊறு செய்யவல்லது. சீட்டில் எழுதியிருக்கும் அளவை நம்பலாமோவெனின், அதுவும் அரிது. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அளவை நிலையத்தார் 122 லேஸர்க்கோல்களைச் சோதித்தபோது, பச்சைநிறத்தனவற்றுள் நூற்றுக்கு ஏறக்குறையத் தொண்ணூறும், சிவப்புநிறத்தனவற்றுள் நூற்றுக்கு 44-உம் அந்நாட்டு விதிக்கு மாறாயிருக்கக் கண்டனர். மலிவான பச்சைக்கோல்கள் சிலவற்றினின்று, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கிரணமும் உடன்வருகின்றது. காணாத ஒளிக்குக் கண் எங்ஙனம் இமைக்கும்?

இவற்றை எண்ணுங்கால், நம்மிடத்துள்ள குற்றங்கள் இரண்டென்பது எம் கருத்து. தீங்கிற்கு முன் அஞ்சாமை ஒன்று. தீங்கிற்குப் பின் அஞ்சி மறைத்தல் மற்றொன்று. ஸர் ஐஸக் நியூட்டன் இளமையில், கண்ணாடியிற் பிரதிபலித்த சூரியனை நோக்கிச் சோதனை செய்து, எதனைக் காணினும் சூரியனே தோன்றும் நிலையெய்தி, மூன்று நாள் இருட்டறையிற் கிடந்தார். அவர் அதனை மறைத்திலர். 1691-ஆம் ஆண்டில் ஜான் லாக் என்னும் தத்துவ ஞானிக்குக் கடிதத்தில் எழுதினார். அத்தகைய பேரறிஞரே தம் பிழையை ஒப்புக்கொண்டாராயின், நாம் நாணுவது எற்றுக்கு?

எனவே, மாணவத் தோழர்காள், முன்னே அஞ்சுமின். லேஸரை இயக்குமுன் அதன் அலைநீளத்தை அறிந்து, அவ்வலைநீளத்திற்கென்றே செய்த காப்புக்கண்ணாடியை அணிமின். பச்சைக்கு ஏற்றது நீலத்தைத் தடுக்குமென்பதில்லை. வெயிற்கண்ணாடி எதனையும் தடுக்காது. கிரணம் செல்லும் வழியிற் பளபளப்பான பொருள் இருத்தலாகாது. ஒளி கண்ணிற் பட்டுவிடின், ஒரு கண்ணை மூடி மற்றொன்றால் கட்டமிட்ட தாளை நோக்குமின்; பின்னர் மறுகண்ணாலும் அவ்வாறே செய்மின். ஈண்டு இரு கண்ணாலும் ஒருங்கே நோக்குதல் பயனின்று. ஒன்றன் குறையை மற்றொன்று மறைத்துவிடும். நேர்கோடு வளைந்து தோன்றினும், நடுவே கரும்புள்ளி மறையாது நிற்பினும், அன்றே வைத்தியரை நாடுமின். ஐயம் தீராவிடினும் அவரையே நாடுமின். நாடோறும் சுவரை நோக்கி நிழலைத் தேடுவது மருந்தன்று, அதுவே ஒரு நோய்.

நம் கல்லூரியார்க்கும் ஒரு விண்ணப்பம். பரிசோதனைச் சாலையில் ஒவ்வொரு லேஸரின் அருகிலும் அதற்குரிய காப்புக்கண்ணாடி தொங்குதல் வேண்டும். விபத்தை வந்து சொல்லும் மாணவனைக் கடிந்துகொள்ளாது வைத்தியரிடம் அழைத்துச்செல்லுதல் வேண்டும். கடிந்துரைக்கு அஞ்சி அவன் காக்கும் மௌனம், அவன் கண்ணை ஒருபோதும் காவாது. யாம் வாய்திறவாதிருந்த மூன்று இரவுகள் எமக்கு உணர்த்திய உண்மை இதுவே.