பாட்டை மட்டும் கேட்கும் செவி

கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு நாலு பேர் உட்காரும் அந்த மத்தியான வேளையில், அரசியலும் மழையும் மனையின் விலையும் பேசித் தீர்ந்த பிறகு, சினிமா சங்கீதத்தைப் பற்றிய பிரஸ்தாபம் ஒன்று வந்தே தீரும் என்பதும், அது வந்த ஐந்தாவது நிமிஷத்தில், "இப்போது கேட்கும்படியாக யார் ஐயா இருக்கிறார்கள்?" என்று ஒருவர் பெருமூச்சு விட, மற்ற மூவரும் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப்போல் தலையசைப்பார்கள் என்பதும் நம்மில் பலருக்கு அனுபவம். நாலு பேரும் நாலு கட்சி. ஒருவருக்கு ஜி. ராமநாதனோடு சங்கீதம் முடிந்துவிட்டது; இன்னொருவருக்கு விசுவநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தபோது முடிந்தது; மூன்றாமவர் இளையராஜாவுக்கு அப்பால் ஓரடி எடுத்து வைக்க மாட்டார்; நாலாமவர், வயதில் இளையவர், ரகுமான் வரையில் வந்து நின்றுகொள்வார். எப்போது முடிந்தது என்பதில்தான் சச்சரவே தவிர, முடிந்துவிட்டது என்பதில் நாலு பேருக்கும் பரிபூரண சம்மதம்.

இந்தத் தீர்ப்பை ஆட்சேபிக்க வருகிறவர்கள் வழக்கமாக எடுக்கும் ஆயுதங்கள் இரண்டு. அவ்விரண்டையும் நான் முதலிலேயே கீழே வைத்துவிடுகிறேன். பெரியவர்கள் எல்லாக் காலத்திலும் இப்படித்தான் புலம்பினார்கள் என்பது ஒன்று. புலம்பினார்கள், வாஸ்தவம். 1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர், சினிமாப் பாட்டு தேசத்தின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி வானொலியில் அதன் வாயைக் கட்ட, ஜனங்கள் ரேடியோப் பெட்டியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் 1957இல் விவித் பாரதி என்று ஒன்றை ஏற்படுத்தி, விரட்டிய பாட்டை வீட்டுக்கு அழைத்துவர வேண்டியதாயிற்று. அன்று விரட்டப்பட்டவைதாம் இன்று நம் நாலு பேரில் இருவருக்குப் பொற்காலம். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது வயற்காட்டுச் சத்தம் என்று முகம் சுளித்தவர்களும், 1992இல் 'ரோஜா' வந்தபோது யந்திரத்தின் சத்தம் என்று காதைப் பொத்திக்கொண்டவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் முன்னே பலர் தவறாகச் சொன்னார்கள் என்பதனால் இன்று சொல்வதும் தவறாகிவிடாது. 'புலி வருகிறது' என்று பொய்க் கூச்சல் போட்ட பிள்ளையின் கதையிலும் கடைசியில் புலி வந்தே விட்டது.

இரண்டாவது ஆயுதம், காலம் என்னும் சல்லடையைக் காட்டுவது. கே.வி. மகாதேவன் இசையமைத்த படங்கள் அறுநூறைத் தாண்டும் என்பார்கள். அவற்றில் நமக்கு நினைவிருப்பவை எத்தனை? சலித்துத் தங்கிய நெல்லை இன்று களத்தில் கிடக்கும் பதரோடு சேர்ந்த குவியலுக்கு எதிரே வைத்து நிறுப்பது நியாயமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான், ஆனால் சலித்துப் பார்த்தால் ஒன்றும் தங்காமல் போகிற காலமும் வரக்கூடுமல்லவா? ஆகவே அதுவும் வேண்டாம்.

என் ஆட்சேபம் வேறு. நம் நாலு பேரும் தீர்ப்புச் சொல்வது பாட்டைப் பற்றி; தண்டனை விதிப்பதோ இசையமைப்பாளனுக்கு. இவ்விரண்டும் ஒன்றே என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை, ஏனென்றால் நம் சினிமா நாடகக் கம்பெனியின் வயிற்றில் பிறந்தது. கம்பெனி நாடகத்தில் ராஜா சிம்மாசனத்தில் ஏறுவதும் பாட்டு, இறங்குவதும் பாட்டு. 1931இல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கியபோது அது பேசியதைவிடப் பாடியதே அதிகம். 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்துக்கு ஜனங்கள் திரும்பத் திரும்பப் போனது, கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று அறியவா? பாபநாசம் சிவன் எழுதி மெட்டமைத்த கீதங்களைத் தியாகராஜ பாகவதர் பாடக் கேட்பதற்கே போனார்கள். அந்த நாளில் படத்திலிருந்து பாட்டை உருவி எடுத்தால் கீழே விழுவது படம். ஆகையால் பாட்டைக் கொண்டு இசையமைப்பாளனை அளந்தது அன்றைக்கு நியாயமான அளவுகோலாகவே இருந்தது.

அந்த அளவுகோலை மாற்றாமலே நாம் எண்பது வருஷம் கடந்து வந்துவிட்டோம். படம் மாறிவிட்டது. கதாபாத்திரம் வாயசைத்துப் பாடுகிற வழக்கம் சிறுகச் சிறுகக் குறைந்து, பாட்டு என்பது காட்சிகளின் பின்னே யாரோ பாடுவதாக ஓடுகிற ஒன்றாக ஆயிற்று. பல படங்களில் அதுவும் இல்லை. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' 2011இல் பாட்டின்றி வந்தது. இசை யுவன் சங்கர் ராஜா. வெற்றிமாறனின் 'விசாரணை'யில் பாட்டில்லை, இசை ஜி.வி. பிரகாஷ் குமார். 2019இல் வந்த 'கைதி'யில் புதுப்பாட்டு இல்லை. இசை சாம் சி.எஸ். இவற்றை நம் நாலு பேரிடம் சொன்னால், பாட்டில்லாத படத்தில் இசையமைப்பாளனுக்கு என்ன வேலை என்பார்கள். வேலையெல்லாம் அங்கேதான் ஐயா இருக்கிறது! தேசிய விருதுக்காரர்கள்கூட 2009ஆம் வருஷத்துப் படங்களிலிருந்து பாட்டுக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று என்று பரிசைப் பிரித்தே கொடுத்து வருகிறார்கள்; அந்தப் பின்னணிப் பரிசை அவ்வருஷம் பெற்றவர் 'பழசி ராஜா' என்ற மலையாளப் படத்துக்காக நம் இளையராஜாவே. சர்க்கார் கமிட்டிக்கு எட்டிய ஒரு பேதம் கல்யாண வீட்டு ரசிகருக்கு எட்டவில்லையென்றால் அதற்கு யார் பொறுப்பு?

இந்த இடத்தில் மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 2013இல் வந்த அந்தப் படத்திலும் பாட்டில்லை. பெயர்ப் பட்டியலில் 'பின்னணி இசை' என்ற வார்த்தையும் இல்லை. 'முன்னணி இசை: இளையராஜா' என்று போட்டார்கள். சிலர் அதை டைரக்டரின் குறும்பு என்று சிரித்தார்கள். ஆனால் இரவு நேரத்துச் சென்னையின் காலித் தெருக்களில் ஓடுகிறவனும் துரத்துகிறவனும் பேச்சின்றி மூச்சிரைக்க, அவர்கள் சொல்லாத பூர்வ கதையையெல்லாம் வயலின் கூட்டம் ஒன்று தன் துக்கமாக எடுத்துச் சொல்லிக்கொண்டு போவதைக் காது கொடுத்துக் கேட்டவர்க்கு, அந்தப் பெயர் எத்தனை பொருத்தமென்று விளங்கும். வேடிக்கை என்னவென்றால், நம் மூன்றாமவர், இளையராஜாவின் பரம பக்தர், இதைக் கேட்டதே இல்லை. தம்முடைய தெய்வம் 1980களிலேயே கோயிலைப் பூட்டிக்கொண்டுவிட்டதாக அவர் நம்புகிறார். தெய்வமோ 2023இல் 'விடுதலை'க்கு இசையமைத்து, 2025இல் லண்டனுக்குப் போய்த் தம் சிம்பொனியை அரங்கேற்றிவிட்டு வந்திருக்கிறது.

"எல்லாம் கம்ப்யூட்டர் போடுகிற மெட்டு" என்பது இன்னொரு நிந்தனை. அன்று ஒரே மைக்கின் முன்னால் பாடகரும் வாத்தியக்காரர்களும் கூடி நின்று ஒரே மூச்சில் பதிவு செய்ததும், கடைசி வரிசை வயலின்காரர் ஒரு ஸ்வரம் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்கியதும் மறுக்க முடியாத மகத்துவம்; அந்தச் சிரமத்தில் விளைந்த ஓர் உயிர்த்துடிப்பு தனியறையில் கருவியின் முன் உட்கார்ந்திருப்பவனுக்கு எளிதில் கிட்டாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவியைக் குற்றம் சொல்லுமுன், அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தையே அன்னிய வாத்தியம் என்று வெளியே தள்ளியதை நினைத்துக்கொள்வது நல்லது. நம் பொற்கால மெட்டுகளில் பெரும்பாலானவை எந்தப் பெட்டியின் மேல் விரல் வைத்துப் பிறந்தவை?

இவ்வளவும் சொன்னதனால் இன்றைய இரைச்சலுக்கு நான் வக்கீலாக வந்திருக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கதாநாயகன் காரின் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைப்பதற்குள் நூறு முரசுகள் முழங்கி, அடுத்த காலை வைக்கும்போது கொட்டகையின் நாற்காலிகள் அதிர்வது என்ன சங்கீதமோ எனக்குத் தெரியாது. எழுதியவன் இரவெல்லாம் விழித்து எழுதிய வரி, பாடகன் வாயில் பாதியும் தாளக் கருவியின் அடியில் மீதியுமாக நசுங்கிப்போகிறது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்றே மேல்தான் ஓடும் என்பதனால் அந்நாளையப் பாட்டு அந்த அளவுக்குள் அடங்கக் கற்றுக்கொண்டு அழகு பெற்றது. இன்றோ கைப்பேசியில் முப்பது விநாடி ஆடுவதற்கு ஏற்ற துண்டு ஒன்றை முதலில் செய்து, அதற்குத் தலையும் வாலும் பிறகு ஒட்டவைக்கிறார்களோ என்று சந்தேகப்படும்படி பல பாட்டுகள் வருகின்றன. அனிருத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 நவம்பரில் அரை ஆங்கிலத்தில் ஒரு பாட்டு உலகத்தைச் சுற்றிவந்தபோதே, பெருங்கூட்டத்தின் நாடியை உடனே பிடித்துவிடும் சாமர்த்தியம் அந்தப் பிள்ளைக்கு இருப்பது தெரிந்தது. அது அற்ப வித்தையன்று. ஆனால் நட்சத்திரத்தின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வரைகிற ஒரே காரியத்துக்காக அவரை மீண்டும் மீண்டும் அழைக்கிறார்கள், அவரும் போகிறார். இந்தக் குறையைச் சொல்லுங்கள், நானும் உடன் சொல்கிறேன். பெயர் சொல்லி, இடம் சொல்லி, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேளாமலே ஒரு தலைமுறையைத் தள்ளிவைப்பதற்கு விமர்சனம் என்று பெயர் வைக்காதீர்கள்.

கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்றால், சந்தோஷ் நாராயணன் இருக்கிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் தொழில் பழகி வந்த இந்த மனிதர், 2012இல் 'அட்டகத்தி' மூலம் வந்தபோது, வடசென்னையின் சாவு வீடுகளிலும் தெருமுனைகளிலும் வளர்ந்த கானாவைக் கோமாளிப் பாட்டாக்காமல், கானா பாலாவின் குரலிலேயே, அதற்குரிய மரியாதையோடு படத்துக்குள் உட்கார்த்தி வைத்தார். 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பி என்ற வேட்டை நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டு ரயிலுக்குப் பலி கொடுக்கிறார்கள். அந்த நாய்க்கு ஓர் ஒப்பாரி வருகிறது. நாய்க்கு ஒப்பாரியா என்று நகைக்கத் தோன்றுகிறவனையும் இரண்டு நிமிஷத்தில் அந்தச் சவ ஊர்வலத்தில் ஒருவனாக நடக்க வைத்துவிடும் அது, பாட்டுப் பட்டியலில் தனியே கேட்டால் பாதிதான் விளங்கும். 'கர்ணன்' படத்தின் தொடக்கத்தில் நடுச்சாலையில் ஒரு சிறுமி வலிப்பு வந்து துடிக்க, பஸ்கள் நில்லாமல் போகின்றன. அதன்பின் கிடாக்குழி மாரியம்மாளின் தொண்டையிலிருந்து எழுகிற அந்த அழைப்பை, எந்த ராகம், எந்தத் தாளம் என்று ஆராய்ந்துகொண்டிருப்பவர்க்கு நான் என்ன சொல்வது?

கோவிந்த் வசந்தா இருக்கிறார். பிடில் வாசிப்பவர், 2018இல் வந்த '96' அவரை நமக்குக் காட்டிக்கொடுத்தது. இருபது வருஷத்துக்கு மேல் கழித்துச் சந்திக்கும் ராமும் ஜானுவும் ஓர் இரவு முழுவதும் பேசுகிற அந்தப் படத்தில், பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் கேட்டுக் கேட்டு அவள் பாடாமலே வைத்திருந்த ஒரு பாட்டு உண்டு. 'தளபதி' படத்தில் இளையராஜா போட்டது. அவன் வீட்டில் மின்சாரம் போய் இருட்டானதும் அவள் தானாகவே அதைப் பாடத் தொடங்குகிறாள். அங்கே தன் வாத்தியங்களை அவசரப்பட்டு நுழைத்துத் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாமல், மூத்தவர் ஒருவரின் மெட்டும் இருட்டும் வெறுங்குரலும் சேர்ந்து செய்கிற காரியத்துக்கு வழிவிட்டு விலகி நிற்கத் தெரிந்ததே, அதை இசையறிவு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஷான் ரோல்டன் இருக்கிறார். பெயரைக் கேட்டுச் சீமைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள், நம் சாண்டில்யனின் பேரர்தான். பாட்டனார் யவன ராணிகளைக் கடல் கடத்திக் கொண்டுவந்தார். பேரர் கர்நாடக சங்கீதத்தைக் குறட்டையால் கலங்கும் 'குட் நைட்' படத்தின் சிறு குடும்பத்துக்குள் சத்தமின்றிக் கொண்டுவந்து குடியேற்றுகிறார்.

போன தையில் ஒரு முகூர்த்தத்தில் இவ்வளவையும் இதைவிட நீளமாகவே சொல்லிப் பார்த்தேன். நாலு பேரில் மூத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தக் காலத்து டைரக்டர்கள் புதுமை புதுமை என்கிறார்களே, 1954இலேயே வீணை பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்துவிட்டார், தெரியுமோ? பாட்டே இல்லாமல் ஏ.வி.எம். எடுத்த படம், அதுவல்லவோ படம்!" என்றார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள்; சிவாஜி சுடப்பட்டு விழுகிற முதற்காட்சியை ஒருவர் கையை மார்பில் வைத்து நடித்தே காட்டினார். நானும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, அதற்கு இசை யார் என்று கேட்டேன். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏ.வி.எம்.மின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா என்று வாத்தியக் கோஷ்டியின் பெயர்தான் படத்தில் உண்டு, தனி மனிதர் பெயர் கிடையாது என்று நானே சொல்லிவிட்டு, அந்த இசை எப்படி இருந்தது, யாருக்காவது நினைவிருக்கிறதா என்றேன். மூத்தவர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, "அதில்தான் பாட்டே கிடையாது என்கிறேனே!" என்றார்.